போட்டிக்குப் புறப்பட்ட கேழ்வரகு அடை

(வானொலி பண்ணை நிகழ்ச்சியில், தர்மபுரி மாவட்டத்து விவசாயக் குடும்பத் தலைவி ஒருவர் ஆற்றிய உரை)



ஊரில் நடக்கும் சமையல் போட்டிக்கு ஒரு பண்டம் செய்து கொண்டுபோவது எப்படி என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பைக் கேட்டதும் ஆண்கள், 'இது பொம்பளைங்க சமாசாரம்' என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட வேண்டாம். கொஞ்சம் உட்காருங்கள். நான் அடுப்பைப் பற்றி மட்டும் பேசப்போவதில்லை. உங்கள் வயலைப் பற்றியும்தான் பேசப்போகிறேன். எந்தத் தானியம் வீட்டு அடுப்பில் ஏறுகிறதோ, அதுதான் வயலில் நிற்கும். அடுப்பைவிட்டு இறங்கிய தானியம் நாளாவட்டத்தில் வயலைவிட்டும் இறங்கிவிடும். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலேயே பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்களுக்கு மானாவாரி நிலம் 2 ஏக்கர். பென்னாகரம் பக்கம். என் மாமனார் காலத்தில் அதில் பெரும்பகுதி கேழ்வரகுதான். ஓரத்தில் அவரை, துவரை. மூன்று வேளையும் களி, கூழ், அடை. அப்புறம் காலம் மாறிவிட்டது. ரேஷன் அரிசி 2008-ல் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது. 2011-லிருந்து விலையில்லாமலே கிடைத்தது. அது ஏழை வீட்டில் பசியைப் போக்கிய அரிசி. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அரிசி உள்ளே வந்ததும் களி கிளறும் துடுப்பு பரணுக்குப் போய்விட்டது. பிள்ளைகளுக்குக் களி என்றால் முகம் சுளிப்பு. 'வீட்டிலேயே திங்க ஆளில்லை, எதுக்கு இதை விதைக்கணும்?' என்று என் வீட்டுக்காரர் கேழ்வரகை வருஷா வருஷம் குறைத்துக்கொண்டே வந்தார். 2023-ல் அரை ஏக்கர்தான் மிச்சம். அதையும் எடுத்துவிட்டு முழுக்க மரவள்ளி போட்டுவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் போட்டி வந்தது.

முதல் வருஷம் நான் செய்த தப்பு

2023-ஐ சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஊர் ஊராகச் சிறுதானியச் சமையல் போட்டிகள் நடந்தன. எங்கள் ஊராட்சியிலும் மகளிர் குழுக்கள் சேர்ந்து ஒன்று நடத்தினார்கள். கேழ்வரகு, சாமை, கம்பு, தினை, வரகு, குதிரைவாலி, இவற்றில் ஏதாவது ஒன்றில் ஒரு பண்டம். வீட்டில் செய்து எடுத்துவர வேண்டும். பெயர் கொடுத்துவிட்டேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? செல்போனில் பார்த்து, கேழ்வரகு மாவில் கேக் செய்தேன். மேலே கிரீம், அதற்கு மேலே சிவப்பும் பச்சையுமாகச் சர்க்கரை மணிகள். பார்த்தவர்கள் அசந்துபோக வேண்டும் என்ற ஆசை! என் மாமியார் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா இது? யாரு துன்றதுக்கு?" என்று கேட்டார். "போட்டிக்கு அத்தை" என்றேன். "அப்ப சரி, நமக்கில்ல" என்று போய்விட்டார்.

பத்து மணிக்கு மேடையில் வைத்தேன். நடுவர்கள் என் மேஜைக்கு வரும்போது பதினொன்றரை. தகரப் பந்தலின் சூட்டில் கிரீம் உருகி, தட்டெல்லாம் ஓடி, சிவப்புச் சாயம் பச்சைச் சாயத்தோடு கலந்து கிடந்தது. நடுவர்கள் மூன்று பேர். ஒருவர் ஊட்டச்சத்துப் படித்த அம்மா. இன்னொருவர் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் முப்பது வருஷம் சமைத்து ஓய்வு பெற்றவர். மூன்றாமவர் ஒரு விவசாயி. அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. மூன்றே கேள்வி கேட்டார்கள்.

"இதுல மாவு எவ்வளவும்மா போட்டீங்க?" தெரியவில்லை.

"இது செய்ய என்ன செலவு?" தெரியவில்லை.

"இதை அடுத்த வாரம் உங்க வீட்டுல செய்வீங்களா?" இதற்குப் பதில் தெரியும். ஆனால் சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அன்று ராத்திரி யோசித்தேன். அந்த மூன்று கேள்விக்கும் கணீரென்று பதில் சொல்லக்கூடிய பண்டம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. என் மாமியார் தட்டுகிற முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை. அடுத்த வருஷம் அதைத்தான் கொண்டுபோவது என்று முடிவு கட்டினேன்.

அந்த ஒரு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதைத்தான் உங்களுக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

விதியை முதலில் கேளுங்கள்

போட்டி என்று காதில் விழுந்தவுடன் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். முதலில் விதி என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் செய்து கொண்டுவரலாமா, அங்கேயே செய்ய வேண்டுமா? அங்கே செய்வதானால் அடுப்பும் பாத்திரமும் தருவார்களா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? எத்தனை பேருக்கு ஆகும் அளவு வேண்டும்? சாயம், சுவைகூட்டி உப்பு இதற்கெல்லாம் தடை உண்டா? மார்க் எதற்கெதற்கு? சில இடத்தில் ருசிக்குப் பாதி மார்க் கொடுத்து, மீதியைச் சத்து, சிக்கனம், சுத்தம் என்று பிரித்துவிடுவார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால், ருசியில் முந்தினவர்கூடச் சிக்கனத்தில் பிந்திவிடுவார்.

பண்டத்தைத் தேர்ந்தெடுப்பது

என் அனுபவத்தில் மூன்று விஷயம் பார்த்தால் போதும்.

முதலாவது, முக்கியமான சாமான் உங்கள் வயலிலோ, வேலியோரத்திலோ விளைந்ததாக இருக்கட்டும். அதன் குணம் உங்களுக்கு அத்துப்படி. புது அரிசிக்குத் தண்ணீர் குறைவு, பழசுக்கு அதிகம் என்பது போல ஒவ்வொரு தானியத்துக்கும் ஒரு சூட்சுமம் உண்டு. கடையில் வாங்கிய மாவில் அது பிடிபடாது. கம்பில் செய்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கம்பு மாவில் எண்ணெய்ச் சத்து அதிகம். அரைத்து வைத்தால் சில நாளிலேயே சிக்கு வாடையும் கசப்பும் வந்துவிடும். அதனால் போட்டிக்கு முந்தின நாள் புதிதாக அரைத்துக்கொள்ளுங்கள். கேழ்வரகு தானியமாக இருந்தால் வருஷக்கணக்கில் கெடாது. மாவாக்கினபின் அதையும் நீண்ட நாள் வைத்திருக்கக் கூடாது.

இரண்டாவது, உங்கள் வீட்டில் சாதாரணமாகச் செய்கிற பண்டமாக இருக்கட்டும். நூறு தரம் செய்த கைக்குப் பதற்றம் வராது.

மூன்றாவது, ஆறினாலும் சாப்பிட நன்றாக இருக்க வேண்டும். வீட்டில் கல்லிலிருந்து நேராகத் தட்டுக்குப் போகிறது. போட்டியில் அப்படி இல்லை. அடுப்பைவிட்டு இறங்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் நடுவர் வாய்க்குப் போகும். இந்த ஒரு மணி நேரத்தை நினைக்காமல் போய்த் தோற்றவர்கள்தான் அநேகம் பேர்.

கைப்பிடிக்கு ஒரு கணக்கு

மாமியாரிடம் போய், "அத்தை, அடைக்கு மாவு எவ்வளவு, தண்ணி எவ்வளவு சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்றேன். அவர் சிரித்தார். "அளவு என்னாத்துக்கு? கைக்குத் தெரியும்."

"உங்க கைக்குத் தெரியும் அத்தை. என் கைக்குத் தெரியலையே."

அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே அவருக்கு வலது கை லேசாக நடுங்க ஆரம்பித்திருந்தது. கல்லில் அடை திருப்பும்போது கரண்டி கிடுகிடுவென்று ஆடும். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தக் கை நின்றுபோனால் இந்த அடையும் நின்றுபோகும். எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

குழுவில் இருந்த சின்ன எலக்ட்ரானிக் தராசை வாங்கிவந்தேன். அவர் பிடி பிடியாக மாவு அள்ளிப் போடப் போட, நான் குறுக்கே தட்டை நீட்டி நிறுத்துக்கொண்டேன். நாலு பிடி மாவு 248 கிராம். மறுவாரம் அதே நாலு பிடி 253 கிராம். அதற்கடுத்த வாரம் 246. ஏழே கிராம் வித்தியாசம்! தராசுக்காரர்கூட இவ்வளவு சரியாகப் போட மாட்டார். "பாத்தீங்களா அத்தை, உங்க கை கால் கிலோவை விட்டு நகரலை" என்றேன். "அதத்தானே சொன்னேன்" என்றார்.

தாய்மார்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கை இருக்கும். அம்மாவோ, ஆயாவோ, மாமியாரோ. போட்டி இருக்கட்டும், இல்லாவிட்டாலும் போகட்டும்; அந்தக் கையை ஒருமுறை நிறுத்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தராசு இல்லாவிட்டால் ஒரே டம்ளரால் அளந்து எழுதுங்கள். டம்ளரை மட்டும் மாற்றாதீர்கள்.

அடை செய்யும் முறை

நாங்கள் எழுதிவைத்த கணக்கை அப்படியே சொல்கிறேன். பென்சில் காகிதம் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். 6 அடைக்கான அளவு.

கேழ்வரகு மாவு 250 கிராம். ஆய்ந்த முருங்கைக்கீரை 50 கிராம், அதாவது இரண்டு கைப்பிடி. சின்ன வெங்காயம் 100 கிராம். வறுத்து ஒன்றிரண்டாக இடித்த வேர்க்கடலை 50 கிராம். பச்சை மிளகாய் 3. உப்பு ஒரு தேக்கரண்டி. கடலை எண்ணெய் 4 தேக்கரண்டி. வெந்நீர் ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் கூட, அதாவது 200 முதல் 225 மில்லி. மாவின் பதத்துக்குத் தக்கபடி இது கூடும், குறையும்.

வெங்காயத்தையும் மிளகாயையும் பொடியாக நறுக்கி, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வதக்குங்கள். வெங்காயம் கண்ணாடிபோல் ஆனதும் கீரையைப் போட்டு, சுருண்டதும் இறக்கிவிடுங்கள். மாவில் உப்பு, வேர்க்கடலை, வதக்கியது எல்லாவற்றையும் போட்டுக் கலந்து, வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கரண்டியால் கிளறுங்கள். கை பொறுக்கும் சூடு வந்ததும் கையால் பிசையுங்கள். சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக இருக்க வேண்டும். மூடிப் பத்து நிமிஷம் வையுங்கள். பிறகு ஆறு உருண்டையாக்கி, எண்ணெய் தடவிய வாழையிலையில் தட்டி, நடுவில் விரலால் ஒரு ஓட்டை போட்டு, நிதானமான தீயில் கல்லில் போடுங்கள். மூடிபோட்டு வேகவிட்டு, திருப்பிப் போட்டு எடுங்கள்.

இதில் வேர்க்கடலையும் வெந்நீரும் மூடியும் மாமியாரின் கணக்கில் இல்லாதவை. அவை எப்படி வந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று முறை செய்து பாருங்கள்

முதல் ஒத்திகை, அளவு சரியா என்று பார்க்க. இரண்டாவது ஒத்திகை, நேரம் எவ்வளவு ஆகிறது என்று பார்க்க. மூன்றாவது ஒத்திகையில்தான் விஷயம் இருக்கிறது. செய்து முடித்து ஒரு மணி நேரம் அப்படியே வைத்துவிட்டு, முகஸ்துதி செய்யாத ஒருவருக்குக் கொடுத்துப் பாருங்கள். வீட்டுக்காரரும் பிள்ளைகளும் வேண்டாம். அவர்கள் ஒன்று புகழ்வார்கள், இல்லாவிட்டால் பேசாமல் தின்றுவிட்டுப் போவார்கள்.

நான் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்தேன். அவர் மென்று பார்த்துவிட்டு, "வாசனை தூக்குது. ஆனா ஆறினா வறட்டி மாதிரி ஆவுதுடி" என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது நிஜம். மாமியார் அடையை நாங்கள் என்றைக்குமே ஆறவைத்துச் சாப்பிட்டது கிடையாது. அதனால் எங்களுக்கு அந்தக் குறை தெரியவே இல்லை. அப்புறம் தண்ணீருக்குப் பதில் வெந்நீர் விட்டுப் பிசைந்தேன். மாவு கொஞ்சம் வெந்து ஈரத்தைப் பிடித்துக்கொண்டது. மூடிபோட்டு வேகவிட்டேன். வேர்க்கடலை சேர்த்தேன். சுட்டதும் சுத்தமான துணியில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் வைத்தேன். இப்போது ஒரு மணி நேரம் கழித்தும் மெத்தென்று இருந்தது. அதே அக்காதான் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டார்.

செலவுக் கணக்கு

இங்கேதான் விவசாயி வீட்டில் பெரிய தப்பு நடக்கிறது. 'வீட்டு விளைச்சல்தானே, காசா கொடுத்தோம்?' என்று கேழ்வரகுக்குச் செலவே இல்லை என்று எழுதிவிடுகிறோம். அது சரியா? உழவு, விதை, களையெடுப்பு, அறுவடை எல்லாம் வானத்திலிருந்தா வந்தது? நம் உழைப்பை நாமே பூஜ்யம் என்று எழுதினால், வாங்குகிறவன் எப்படி மதிப்பான்?

அந்த 2024-25 பருவத்துக்குக் கேழ்வரகின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,290 ரூபாய். அந்தக் கணக்கில் கால் கிலோவுக்கு 11 ரூபாய் போட்டேன். அரைவைக் கூலி 1 ரூபாய், வெங்காயம் 5, வேர்க்கடலை 6, எண்ணெய் 4, கீரை 3, மிளகாய் உப்பு 2, எரிபொருள் 6. ஆக மொத்தம் 38 ரூபாய். அடை ஒன்றுக்கு 6 ரூபாய் 33 காசு. இதை அட்டையில் எழுதி வைத்தேன். அடுத்த பருவத்துக்கு, அதாவது 2025-26-க்கு, ஆதரவு விலை 4,886 ரூபாய் ஆனது. விலை மாற மாற நம் கணக்கையும் மாற்றி எழுத வேண்டும்.

சத்தைப் பற்றி உள்ளதைச் சொல்லுங்கள்

நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 340 முதல் 360 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே நூறு கிராம் அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுதான். எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டிய சத்து அது. இதைத் தைரியமாக எழுதலாம். கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி உலர்த்தி அரைத்தால், அதிலுள்ள சத்து உடம்பில் சேர்வது கூடும். முருங்கைக்கீரை, கேழ்வரகு இவற்றின் இரும்புச் சத்து நன்றாகச் சேர, கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய் போலப் புளிப்பாக ஒன்று இருக்கட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த இரும்புச் சத்து சேர்வது குறையும்.

ஆனால் 'சர்க்கரை வியாதி தீரும்', 'எல்லா நோய்க்கும் மருந்து' என்றெல்லாம் எழுதவேண்டாம். கேழ்வரகிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். நம் தானியத்துக்குப் பொய் சொல்லிப் பெருமை சேர்க்க வேண்டிய அவசியம் இல்லை. உள்ள பெருமையே போதும்.

சுத்தமும் நேரமும்

போட்டியில் பத்துப் பேர் ருசி பார்ப்பார்கள். ஒருவருக்கு வயிறு கெட்டாலும் ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். ஆகவே ஜாக்கிரதை வேண்டும். நகம் வெட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவி, தலையைக் கட்டிக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள். கீரையை மூன்று தண்ணீரில் அலசுங்கள். வயிற்றுப்போக்கோ, காய்ச்சலோ, கையில் புண்ணோ இருந்தால் அன்று சமைக்கவே வேண்டாம்.

சமைத்த பண்டத்தைச் சாதாரண சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் விதி. சூடாக வைப்பதானால் நல்ல சூட்டிலேயே இருக்க வேண்டும். வெதுவெதுப்பில்தான் கிருமி பெருகும். அதனால் அதிகாலை நாலு மணிக்கே செய்து வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைக்காதீர்கள். புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். எனக்கு ஆறு அடை சுட அரை மணி ஆகும் என்பது ஒத்திகையில் தெரிந்துவிட்டதால், ஒன்பது மணிக்குத்தான் கல்லை வைத்தேன். தொட்டுக்கொள்ளக் கொள்ளுத் துவையல். தேங்காய் சேர்த்தால் வெயிலில் சீக்கிரம் ஊசிவிடும் என்று தேங்காய் சேர்க்கவில்லை.

சாமான்கள் எல்லாவற்றையும் அட்டையில் எழுதுங்கள். வேர்க்கடலை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. தெரியாமல் தின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்தாகிவிடக்கூடும்.

மேஜையில் வைப்பது

கேரட்டில் பூ செதுக்கி நேரத்தை வீணாக்க வேண்டாம். நான் ஒரு மூங்கில் தட்டில் வாழையிலை போட்டு, அடையை நாலு துண்டாக்கி அடுக்கி, பக்கத்தில் துவையல் வைத்தேன். ஒரு கிண்ணத்தில் எங்கள் வயலின் கேழ்வரகு ஒரு பிடி. பெயர் அட்டையில், எங்கள் வீட்டில் என்ன சொல்கிறோமோ அதையே எழுதினேன்: முருங்கைக்கீரை கேவுரு அடை. கூடவே அளவு, செலவு, சாமான், செய்த நேரம்.

அதே மூன்று நடுவர்கள் வந்தார்கள். அதே மூன்று கேள்வி. இந்தத் தடவை நான் திணறவில்லை. மூன்றாவது கேள்விக்கு மட்டும் என் மாமியார் முந்திக்கொண்டார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் அங்கிருந்தே, "அடுத்த வாரம் என்னாங்க, நேத்தே செஞ்சோம்!" என்று சத்தமாகச் சொன்னார். பந்தலே சிரித்தது.

முதல் பரிசு கிடைத்ததா என்று கேட்பீர்கள். இல்லை. சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் கொண்டுவந்த ஒரு தங்கை முதல் பரிசு வாங்கினார். எனக்கு இரண்டாவது. ஒரு எவர்சில்வர் தூக்கு. நான் போய் நடுவர் அம்மாவிடம், "என்ன குறைங்கம்மா?" என்று கேட்டேன். வருத்தப்பட்டுக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டேன். "அடையில குறையே இல்லம்மா. துவையல்ல உப்புக் கரிச்சுது" என்றார்.

அப்போதுதான் நினைவு வந்தது. அடைக்கு ஒவ்வொன்றாக நிறுத்து அளந்த நான், துவையலுக்குக் கண்மதிப்பாகவே உப்புப் போட்டிருந்தேன்! 'தொட்டுக்கிறதுதானே' என்ற அலட்சியம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மாமியார் சொல்லிக்கொண்டே வந்தார்: "அடை என்னுது. உப்பு உன்னுது."

தோற்றுப் போனவர்களுக்கும் நான் சொல்வது இதுதான். முகத்தைத் திருப்பிக்கொண்டு வராதீர்கள். எதில் குறைந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அந்த ஒரு வரி தூக்குப் பாத்திரத்தைவிடப் பெரிய பரிசு.

போட்டி முடிந்த பிறகு

பரிசு வாங்கினதும் சில பேர், 'எங்களுக்கும் பத்து அடை செஞ்சு தாங்க' என்று கேட்பார்கள். சந்தோஷம்தான். ஆனால் விற்பனைக்கு என்று தொடங்கினால், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டே செய்யுங்கள். மகளிர் குழுவாகச் சேர்ந்து செய்தால் அலைச்சலும் செலவும் பங்காகும். முதலில் கையைக் கடிக்காத அளவுக்குச் சிறியதாக ஆரம்பியுங்கள்.

எங்கள் வீட்டில் நடந்த மாறுதல் வேறு. மூன்று ஒத்திகை, அப்புறம் போட்டி என்று அடை செய்து செய்து பிள்ளைகளுக்கு அது பழகிப்போய்விட்டது. போட்டியில் அம்மா பரிசு வாங்கின பண்டம் என்றதும் அதற்கு ஒரு மரியாதையும் வந்துவிட்டது. வாரம் இரண்டு நாள் அடை, மூன்று நாள் களி என்று ஆனது. கணக்குப் பார்த்தால் மாதத்துக்கு 10 கிலோ கேழ்வரகு. வருஷத்துக்கு 120 கிலோ வீட்டுக்கே வேண்டும்.

இந்தக் கணக்கை ஒரு நாள் என் வீட்டுக்காரர் முன்னால் வைத்தேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, "அப்ப அந்த அரை ஏக்கரை விட்டுடலாம்கறியா?" என்றார். "விட்டுடுங்கன்னு சொல்லலை. விதைச்சுடுங்கன்னு சொல்றேன்" என்றேன். ஒன்றரை ஏக்கரில் மரவள்ளி, அரை ஏக்கரில் கேழ்வரகு என்று முடிவானது. அந்த அரை ஏக்கர் விளைச்சலில் வீட்டுக்கு எடுத்துவைத்தது போக மீதியை விற்றோம். எங்கள் மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தை 2023-ல் தொடங்கினார்கள். அப்படி ஊரார் அடுப்பில் கேழ்வரகு ஏறினால்தான் நம் வயலில் விளைந்ததற்கும் கேள்வி இருக்கும்.

இப்போது மாமியாருக்குக் கை அதிகமாக நடுங்குகிறது. அடை தட்ட முடிவதில்லை. அடுப்புக்கு மேலே சுவரில் அந்த அட்டையை ஒட்டிவைத்திருக்கிறோம். என் பெண் அதைப் பார்த்து நிறுத்துப் போட்டுத்தான் செய்கிறாள். அவர் திண்ணையில் உட்கார்ந்தபடியே வாசனையைப் பிடித்து, "தீய கொறடி" என்று உள்ளே குரல் கொடுப்பார். அதை மட்டும் அட்டையில் எழுத எனக்குத் தெரியவில்லை.

ஆகவே விவசாயப் பெருமக்களே! உங்கள் ஊரில் போட்டி என்று தண்டோரா போட்டால், வீட்டுப் பெண்களைத் தடுக்காதீர்கள். மாவு அரைத்துக்கொண்டு வந்து கொடுங்கள். தராசு கேட்டால் வாங்கிக் கொடுங்கள். செலவுக் கணக்கில் உட்கார்ந்து உதவி செய்யுங்கள். தாய்மார்களே! அசத்த வேண்டும் என்று தெரியாத பண்டத்துக்குப் போகாதீர்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களின் கைப்பிடியை நிறுத்து எழுதுங்கள். மூன்று முறை செய்து பாருங்கள். ஒரு மணி நேரம் ஆறவைத்து, உண்மை சொல்கிறவருக்குக் கொடுங்கள். துவையலுக்கும் உப்பை அளந்து போடுங்கள். பரிசு வந்தாலும் வராவிட்டாலும், நம் வயலில் விளைந்தது நம் அடுப்பில் ஏறும்.